எச்சில் விமானம்

லிங்கத்துரை செய்த விமானம் முதல் தடவை மேலே போய்விட்டுத் தரை இறங்கியபோது வாலிலிருந்து இறக்கை நுனிவரை எச்சிலாக இருந்தது.

எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அவன் பெண்சாதி சொர்ணக்கனி, பழைய சுங்குடிச் சேலையில் ஒரு முழம் கிழித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு, ஓடுதளத்தின் ஓரத்தில் காயப்போட்ட மிளகாய் வற்றலுக்கு நடுவே நின்றிருந்தாள். ஏனென்றால் களை வெட்டும் மிஷினிலிருந்து கழற்றி மாட்டிய அந்தப் பெட்ரோல் எஞ்சின் பறக்கிற நேரமெல்லாம் கறுப்பு எண்ணெயைப் பின்னால் துப்பிக்கொண்டே போகும், இறங்கியதும் துடைக்காவிட்டால் இறக்கையில் ஒட்டிய தாள் விட்டுப்போகும், பறக்கவிடுகிற வேலை எனக்கு, துடைக்கிற வேலை உனக்கு என்று அவன் முன்னாலேயே பங்கு பிரித்திருந்தான். துடைக்கப் போனவளுக்குக் கை வழுக்கியது. துணியை எடுத்தால் கூடவே நூல் நூலாக நீண்டு வந்தது. அறுந்து விழாமல் முழங்கைவரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் தொங்கி, சேலைக் கொசுவத்தில் சொத்தென்று விழுந்தது. முகர்ந்து பார்த்தாள். கழுவாமல் மூடி வைத்த பால் டப்பாவைத் திறந்ததுபோல ஒரு புளித்த வாடை.

"ஏங்க, இது எச்சிங்க," என்றாள்.

கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டு, விமானம் உடையாமல் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் நின்ற லிங்கத்துரைக்கு அது காதில் ஏறவில்லை. "பனியா இருக்கும்," என்றான்.

"சித்திரை வெயில்லயா பனி?"

"மேல குளிரும்லா."

"குளிர்ந்தா தண்ணிதான சொட்டும்? இது கோழையா ஒழுகுது. மோந்து பாருங்க."

அவன் மோந்து பார்க்கவில்லை. சொர்ணம் முழுவதையும் துடைத்து முடித்துவிட்டு, பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, உடைமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். அன்றைக்குக் கையை மண் போட்டுக் கழுவி, சோப்பு போட்டுக் கழுவி, புளி போட்டுக் கழுவி, அப்படியும் மனசு ஒப்பாமல் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள்.

எருக்கம்பட்டிக்கு வடக்கே அந்த ஓடுதளம் எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் எந்தச் சண்டைக்காகவோ போட்டுவிட்டுப் போனது. அதில் விமானம் இறங்கிப் பார்த்தவர் யாரும் ஊரில் இல்லை, மிளகாய் காயவும் மக்காச்சோளம் உலரவும் பொம்பளைப்பிள்ளைகள் ஸ்கூட்டி ஓட்டிப் பழகவும் அது கிடந்தது. தீக்குச்சிக் கம்பெனியில் குச்சி வெட்டுகிற மிஷினுக்கு மெக்கானிக்காக இருந்த லிங்கத்துரைக்கு மட்டும், இவ்வளவு நீளத் தரை மிளகாய்க்காகவா என்று சின்ன வயசிலிருந்தே ஒரு மனத்தாங்கல். குச்சிக்கு வருகிற மட்டி மரத்தில் உதவாதென்று தள்ளுகிற மெல்லிய பட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். பஞ்சு மாதிரி கனமில்லாத மரம். அதை விலா எலும்பு விலா எலும்பாக அறுத்து, பசை வைத்து அடுக்கி, இரண்டு மழைக்காலம் தாண்டிப் பதினோரு அடி இறக்கை ஒன்றைக் கட்டி முடித்தபோது அது வீட்டுக்குள் கொள்ளவில்லை. பாதி இறக்கை ஜன்னல் வழியாகத் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக் கோழிகள் சாயங்காலமானால் அதில் ஏறி அடைந்தன, தெருவில் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தாமலே தலையை மட்டும் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும் என்பதைச் சொர்ணம் அப்போதுதான் முதலில் கவனித்தாள்.

அவளுக்கும் அந்த விமானம் பிடித்துத்தான் இருந்தது. சூடு பட்டால் இழுத்துப் பிடிக்கிற வழுவழுத் தாளை இறக்கைமேல் ஒட்டுவதற்கு அவளுடைய இஸ்திரிப் பெட்டியைத்தான் அவன் எடுத்துக்கொண்டான், அதற்கப்புறம் அந்தப் பெட்டி எதைத் தேய்த்தாலும் மஞ்சள் கறை வைத்தது, அதற்குக்கூட அவள் கோபிக்கவில்லை. பிள்ளை மகிழினியின் தொட்டில் தொங்கிய உத்திரத்திலேயே விமானத்தின் உடம்பும் தொங்கியது. ஒன்றை ஆட்டினால் மற்றதும் ஆடியது. "இறக்கைக்கு அடியில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் குடுத்துத் தூக்கு. மூக்கும் சாயக்கூடாது, வாலும் சாயக்கூடாது. அப்பத்தான் பறக்கும்," என்று அவன் காட்டிக்கொடுத்தபோது, பிள்ளையைக் குப்புறப் போட்டு வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்குகிற மாதிரிதானே என்று அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவையும் அப்படித்தான் வந்தது. மூன்றாம் தடவையும் அப்படித்தான். ஒரு உயரத்துக்குப் போனதும் எஞ்சின் சத்தம் யாரோ கை வைத்துப் பொத்தினதுபோல அமுங்கும், ரிமோட்டில் எந்தக் குச்சியைத் தள்ளினாலும் விமானம் பேச்சைக் கேட்காது, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் அந்தரத்தில் அப்படியே நிற்கும், பிறகு பிடித்திருந்தவர் விட்டுவிட்டதுபோலச் சறுக்கிக்கொண்டு கீழே வரும், வந்து நின்றதும் ஒழுகும்.

ஊரில் இதை முதலில் எடுத்துக்கொண்டது லிங்கத்துரையின் அக்காள் அன்னபுஷ்பம். அன்னபுஷ்பத்தின் சுத்தம் ஊருக்கே தெரியும். அவள் வீட்டுச் செம்பில் யாரும் வாய் வைத்துவிட முடியாது, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். மிளகாய் ஆய வருகிற கீழத்தெருப் பொம்பளைகளுக்குச் செம்பையே கொடுக்க மாட்டாள், உயரத்தில் பிடித்துக்கொண்டு அவர்கள் குவித்த கையில் ஊற்றுவாள், ஊற்றும்போது கை பட்டதோ என்று சந்தேகம் வந்தால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிடுவாள். அந்த அன்னபுஷ்பம் ஓடுதளத்தில் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தபோது இறங்கி ஓடி வந்த விமானத்திலிருந்து ஒரு கொழகொழத்த இழை அவள் குதிங்காலில் விழுந்தது. பல வருசமாக வெடித்துக் கிடந்த பித்தவெடிப்பு சாயங்காலத்துக்குள் மூடிக்கொண்டது.

மறுநாள் அதே செம்போடு வந்து நின்றாள்.

"எம்மா சொர்ணம், துணியைக் கீழ பிழியாத. இதுல பிழி."

"மதினி, அது எச்சி."

"வாயக் கழுவுட்டி. மேல இருந்து வாரது எப்பிடி எச்சியாகும்?"

சொர்ணம் பிழிந்தாள். தன் பழைய சேலைத் துணியில் ஊறிய கோழையும் எஞ்சின் எண்ணெயும் சேர்ந்து செம்புக்குள் இறங்கியதையும், மதினி அதை மூன்று விரலால் தொட்டு முகத்தில் அப்பிக்கொண்டதையும், மிச்சத்தை அண்ணாந்து ஒரு மடக்கு குடித்ததையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரத்துக்குள் ஓடுதளத்தில் செம்பும் குடமும் வரிசை பிடித்தன. அதற்கு அமுதம் என்று பேர் வைத்தார்கள். குச்சிக் கம்பெனி முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி, இனி நீ மிஷின் பக்கம் வர வேண்டாம், சம்பளம் ஓடும், காலை மதியம் சாயங்காலம் பறக்கவிட்டால் போதும் என்று லிங்கத்துரைக்குச் சொல்லி, விமானத்துக்குத் தகரக்கொட்டகை போட்டு, வாசலில் வாழை கட்டினார். ஊர்க்கூட்டத்தில் எச்சில் என்ற சொல்லை ஓடுதளத்து எல்லைக்குள் யாரும் சொல்லக்கூடாது என்று தீர்மானமாயிற்று. ஏற்கெனவே யாரும் சொல்லவில்லை, சொர்ணத்தைத் தவிர. ஆகவே அது அவளுக்காகப் போட்ட தீர்மானம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் நாக்கில் வாத்தியார் அதைத் தடவி அனுப்பினார், பிள்ளைகள் பாஸானார்கள். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் சின்னத் தம்ளரில் அது வந்தது. வழுக்கைத் தலையில் பூசியவருக்குப் பூனைமுடி முளைத்தது. ஆட்டுக்குட்டிக்கும் ஊற்றினார்கள், ஸ்கூட்டி டயரிலும் தடவினார்கள், தோசை மாவு சீக்கிரம் புளிக்கிறது என்று கண்டுபிடித்து அதிலும் கலந்தார்கள். கண்டுபிடித்த வீட்டுக்காரி அந்தத் தோசையில் ஒன்றை வாழையிலையில் சுற்றிச் சொர்ணத்துக்கும் கொடுத்துவிட்டாள். சொர்ணம் அதை ஆட்டுக்குப் போட்டாள், ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. ஈ மொய்த்தது. வீட்டில் ஈ, வற்றலில் ஈ, தூங்குகிற பிள்ளைகளின் கடைவாயில் ஈ. தெருவுக்குள் நுழைந்தாலே புளித்த பால் வாடை மூக்கில் ஏறியது, ஊர்க்காரர்கள் மூச்சை ஆழமாக இழுத்து, பிச்சிப்பூ வாசம் என்றார்கள். சொர்ணம் எந்த வீட்டிலும் பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதை விட்டாள். கீழத்தெருவுக்கும் கொஞ்சம் கொடுத்தார்கள், கடைசியாக, உயரத்திலிருந்து ஊற்றி.

"கொஞ்சம் வாய மூடிட்டு நில்லேன்," என்றான் லிங்கத்துரை, அவனுக்கு இப்போது தெருவில் நடந்தால் துண்டை இடுப்பில் கட்டுகிற ஆட்கள் இருந்தார்கள். "உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"எனக்கு ஒண்ணும் குறையல. கைதான் நாறுது."

மகிழினிக்கு அப்போது ஈறு தினவெடுக்கிற காலம். கையில் கிடைத்ததையெல்லாம் கடித்தாள், ரிமோட்டின் ஏரியலைக் கடித்தாள், அப்பன் மூக்கைக் கடித்தாள், வாயிலிருந்து கோழை நூலாக இறங்கி நெஞ்சு நனைந்து வயிறு நனைந்து தூக்கி வைத்திருப்பவர் தோளும் நனைந்தது. சொர்ணம் அவள் கையில் வசம்பு மணி கட்டியிருந்தாள், தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி முடிச்சு ஒன்றைக் கடிக்கக் கொடுத்திருந்தாள். அன்னபுஷ்பம் ஒரு நாள் ஆசையாகத் தூக்கியவள், பிள்ளை தோளில் ஒழுக்கியதும் அலறிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். "சை, சேலையெல்லாம் எச்சி பண்ணிட்டா. பிள்ளைக்கு வாயத் தொடச்சு விடக்கூடாதா?" என்றாள். அவள் கன்னம் இரண்டிலும் காலையில் பூசிய அமுதம் காய்ந்து, பேசும்போது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

சொர்ணம் பிள்ளையின் வாயைத் துடைத்த துணியை மூக்கருகே கொண்டுபோனாள். அதே வாடை.

அன்று மத்தியானம் விமானத்தைத் துடைக்கும்போது முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தாள். இறக்கையின் முன்விளிம்பில் பிறைபோல ஒரு பள்ளம். பல் பட்ட பள்ளமில்லை; தாள் கிழியவில்லை, மரம் மட்டும் மெத்தென்று அமுங்கியிருந்தது. வாலில் அதுபோல ஒன்று. உத்திரத்தில் தொங்கும் தொட்டில் கட்டையில் மகிழினி வைத்த பள்ளத்தை அவள் தினமும் பார்க்கிறாள், அது விரல் நீளம், இது முழ நீளம், மற்றபடி வித்தியாசமில்லை.

அதைப் பார்த்தபின் அவளுக்கு அந்தக் கோழைமேல் அருவருப்பு போய்விட்டது. பிள்ளை எச்சிலில் என்ன அருவருப்பு, நாளெல்லாம் அதில்தானே குளிக்கிறோம் என்று கையாலேயே வழித்துப் போட்டாள். போன அருவருப்பு எங்கும் போய்விடவில்லை, இடம்தான் மாறிக்கொண்டது. செம்போடு நிற்கும் ஊரைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய மனுசர்கள், மீசை வைத்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், எவளோ ஒருத்தி பெற்ற பிள்ளையின் வாய்நீரை உறிஞ்சுவதற்கு ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஊர் அம்மன் கோயில் கொடைக்கு முந்தின நாள் காலையில் விமானம் சிவந்து வந்தது.

அன்றைக்கு மேலே அது நின்ற நேரத்தில் எஞ்சின் சத்தம் அமுங்கவில்லை, கடகடவென்று எதிலோ மாட்டித் திக்கியது. கூடவே இடி இடித்தது. மேகமில்லாத வானத்தில் அப்படியொரு இடியைக் கேட்டு ஓடுதளத்திலிருந்த பொம்பளைகள் மழை வருதென்று தார்ப்பாயை இழுத்து வற்றலை மூட ஓடினார்கள். சொர்ணம் ஓடவில்லை. அந்த இடி நீளமாக வந்து, மூச்சுக்கு நின்று, விக்கி, மறுபடி நீண்டது. இடுப்பில் மகிழினி வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருக்க, சொர்ணத்துக்கு இரண்டு பக்கமும் பால் இறங்கி ரவிக்கை நனைந்தது.

விமானம் தள்ளாடி இறங்கியது. மூக்கில் கோழை, கோழையோடு ரத்தம், எஞ்சின் சுற்றும் விசிறியின் நுனியில் ரோஜா நிறத்தில் ஒரு துணுக்குச் சதை. இதுவரை இறக்கையையும் வாலையும் கடித்த பிள்ளை இன்றைக்கு மூக்கைப் பிடித்து வாயில் வைத்துவிட்டது.

"குங்குமம்!" என்று கத்தினாள் அன்னபுஷ்பம். "கொடைக்கு முன்னால குங்குமம் எறங்கிருக்கு!"

கூட்டம் மொத்தமாக வந்து விழுந்தது. துணியால் துடைக்கவும் விடவில்லை, விசிறியிலும் எஞ்சினிலும் நேரடியாக விரலைவிட்டு வழித்தார்கள், நெற்றியில் இட்டார்கள், தாலியில் இட்டார்கள், ஒருவர் விரலை வாயில் வைத்துச் சப்பினார். தங்கப்பழம் அண்ணாச்சி லிங்கத்துரையின் தோளைத் தட்டி, "நாளைக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரனெல்லாம் வருவான். செவப்பு வரணும் பாத்துக்கோ," என்றார். சொர்ணம் பிள்ளையை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் லிங்கத்துரை வந்தபோது அவள் அடுப்பு பற்ற வைக்கவில்லை. பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேல இருக்கிறது பிள்ளைங்க," என்றாள். "ஈறு தினவுக்கு உங்க விமானத்தக் கடிக்குது. இன்னைக்கு வாய அறுத்துட்டு."

அவன் உடனே மறுக்கவில்லை. ரிமோட்டைப் பிடித்திருந்த கைக்கு அந்தத் திக்கல் தெரிந்திருக்கும். "அப்படியே இருக்கட்டும்," என்றான் கடைசியில். "நான் என்ன செய்ய? நாளைக்குக் கொடை. அண்ணாச்சி ஊருக்கெல்லாம் சொல்லிட்டாரு. பறக்காட்டா அது வெறும் கட்ட, நான் பழையபடி குச்சி மிஷினுக்கு எண்ண போடுறவன்."

"கையக் கழுவிட்டு வாங்க."

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க."

கழுவிவிட்டு வந்தவனின் ஆள்காட்டி விரலைப் பிடித்து மகிழினியின் வாய்க்குள் விட்டாள். பிள்ளை ஆசையாகக் கவ்வியது. "தடவிப் பாருங்க. கீழ் ஈறு. வீங்கிருக்கா? நடுவுல அரிசி முனை மாதிரி ஒண்ணு நெருடுதா?"

"ஆமா," என்றான் அவன், முகம் இளகி. "பல்லு வருது, கழுதைக்கு."

"இப்ப அந்த இடத்துல உங்க விசிறிய வைங்க."

அவன் விரலை வெடுக்கென்று உருவிக்கொண்டான். பிள்ளையின் கோழை விரலிலிருந்து நீண்டு, அறுந்து, அவன் மணிக்கட்டில் விழுந்தது. அதையே பார்த்தபடி நின்றான். பிறகு வாசலுக்கு ஓடி, காலையில் ஊரோடு சேர்ந்து நக்கினது, நேற்று நக்கினது, இத்தனை நாளாக நக்கினது எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பவன்போல வாந்தி எடுத்தான். சொர்ணம் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, அவன் முதுகைத் தடவிவிட்டாள்.

"நிறுத்திருவோம்," என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு.

"நிறுத்தினா போதுமா? அறுபட்ட ஈறோட தினவும் சேர்ந்து அது கெடந்து கத்தும். கடிக்க என்னமாவது குடுத்துட்டு நிறுத்துவோம்."

மறுநாள் காலை, மேளம் முழங்க, வெளியூர்க்காரர்கள் வேனிலும் மினிபஸ்ஸிலும் வந்து இறங்க, லிங்கத்துரை எல்லோர் கண் முன்னாலும் விமானத்தின் மூக்கிலிருந்து விசிறியைக் கழற்றினான், எஞ்சினைக் கழற்றினான், கூரான கம்பி, ஆணி, இறங்கும் சக்கரம், பிள்ளை வாய்க்கு ஆகாத ஒவ்வொன்றையும் கழற்றினான். எஞ்சின் போன மூக்கு லேசாகி வால் சாய்ந்தது. அந்தக் கனத்துக்குச் சொர்ணம் வீட்டு உலக்கையில் ஒரு துண்டு அறுத்து, இரும்புப் பூணை எடுத்துவிட்டு, முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு தலைமுறை கை பட்டு வழவழப்பான கட்டை. அதை மூக்கில் செருகி, தண்ணீரில் நனைத்த சுங்குடித் துணியை, அதே துடைக்கிற துணியைத்தான், சோடா போட்டு வெளுத்து, இறுகச் சுற்றி, மேலே ஒரு கைப்பிடி வசம்பை மாலையாகக் கட்டினாள். பிறகு இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் இறக்கைக்கு அடியில் விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். மூக்கும் சாயவில்லை, வாலும் சாயவில்லை.

"எலே, எஞ்சின் எங்கல?" என்று வந்தார் அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி. கயிறு கட்டி பைக்ல இழுத்தாலே ஏறும்."

"செவப்பு வருமா?"

"வராது," என்றாள் சொர்ணம். "அது பச்சப்பிள்ள வாய் ரத்தம் அண்ணாச்சி. எச்சிக்கும் ரத்தத்துக்குமா இப்பிடி அலைவீங்க? வெக்கமா இல்ல?"

தடை செய்த சொல் அது. மேளம் நின்றது. அண்ணாச்சி முகம் கறுத்து, ஆளை விட்டு இவர்களை அப்புறப்படுத்தச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் அதற்குள் லிங்கத்துரை பைக்கை முறுக்கிவிட்டான். நீளக் கயிறு விறைத்தது, விமானம் மண்ணில் வயிறு உரசி, துள்ளி, பட்டம்போல எழும்பியது, கயிறு கழன்று விழுந்தது, சத்தமே இல்லாமல் அது மேலே மேலே போனது. அண்ணாந்து பார்த்த கூட்டம் பழக்கதோஷத்தில் செம்பைத் தூக்கிப் பிடித்தது.

வழக்கமான உயரத்தில் நின்றது. கொஞ்சம் ஆடியது. பிறகு அங்கே இல்லை.

ரிமோட்டை லிங்கத்துரை கழுத்திலிருந்து கழற்றி மிளகாய் மேல் வைத்தான். கண் கலங்கியிருந்தது. இரண்டு மழைக்காலத்து வேலை. மேலேயிருந்து இடி வரவில்லை. சொர்ணம் காதைக் கூர்மையாக்கி நின்றாள். வெகுநேரம் கழித்து, தூரத்து ஆட்டுக்கல் ஓடுவதுபோல, மெத்தென்று கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் பெருமூச்சு விட்டாள்.

கூட்டம் வெயில் ஏறும்வரை செம்போடு நின்றது. சொட்டுக்கூட இறங்கவில்லை. பிறகு ஊர் என்ன செய்யுமோ அதைச் செய்தது. லிங்கத்துரைக்குக் கம்பெனியில் வேலையில்லை என்றார்கள், அவன் மூன்று ஊர் தள்ளி வேறு கம்பெனிக்கு பஸ்ஸில் போய்வந்தான். அவர்கள் வீட்டோடு கொடுக்கல் வாங்கல் இல்லை, பேச்சில்லை என்றார்கள். அன்னபுஷ்பம் தன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுச்சுவரில் இருந்த சின்னக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தாள். அடைத்த கையோடு அவள் குதிங்கால் மறுபடி வெடித்தது. ஈக்கள் போயின. வாடை போயிற்று. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது, அமுதம் இறங்கிய காலம் என்று பேசிக்கொண்டது.

மகிழினிக்குப் பல் வெளியே வந்தது. பல்லுக் கொழுக்கட்டை கொட்ட வேண்டும். பிள்ளையை விரிப்பில் உட்கார வைத்து, தலைக்கு மேலே துணி பிடித்து, நாலு வீட்டுச் சின்னப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, குட்டிக் குட்டிக் கொழுக்கட்டைகளைத் தலையில் கொட்டினால் பல் வரிசையாக வரும், கொட்டியதைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்ன வேண்டும். சொர்ணம் மாவு திரித்துச் சலித்தும் வைத்துவிட்டாள். பொறுக்கித் தின்னப் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள் என்று யோசித்தபோதுதான் அவளுக்கு, இவ்வளவுக்கும் அழாதவளுக்கு, அழுகை வந்தது.

மறுநாள் விடிந்து வெயில் சுள்ளென்று ஏறின நேரம், ஓடுதளத்தில் பொத்துப் பொத்தென்று சத்தம்.

ஊர் ஓடிப்போய்ப் பார்த்தது. மிளகாய் வற்றலுக்கு நடுவே, மேகமில்லாத வானத்திலிருந்து, வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் பருமனில், ஆவி பறக்க, கொழுக்கட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. விழுந்த வேகத்தில் சில வெடித்து, வெல்லப்பாகும் தேங்காய்ப்பூவும் எள்ளும் மணந்தது.

யாரும் தொடவில்லை. அன்னபுஷ்பம் குனிந்து ஒன்றை முகர்ந்துவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"எந்த வீட்டு அடுப்போ, என்ன ஆட்களோ," என்றாள். "யாரு எவருன்னு தெரியாம அவுக பொங்கினத வாயில வைக்கிறதா? கருமம்."

"அதான," என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி. "நம்ம தண்ணி புழங்குற ஆளுகளா இல்லையான்னு தெரியணும்லா."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. விளக்குமாறு வந்தது. வாயில் எச்சில் ஊறி விழுங்கியபடியே கொழுக்கட்டைகளை ஓடைப் பக்கம் தள்ளத் தொடங்கினார்கள். தொட்ட விளக்குமாற்றையும் எரித்துவிட வேண்டும் என்றும், மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றும் பேச்சு நடந்தது.

சொர்ணம் அவர்களைப் பார்த்தாள். முகத்தில் அப்பினது, தாலியில் இட்டது, விரலைச் சப்பினது எல்லாம் இதே வாய்கள்தான். அவளுக்கு வாந்திகூட வரவில்லை. காறித் துப்ப வந்தது, பிள்ளை இடுப்பில் இருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் காலடியில் அந்த மூட்டை விழுந்தது. சுங்குடித் துணி. அவளுடைய துணிதான், ஓரத்தில் அவள் கிழித்த கிழிசலோடு. துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் குலையாமல் நாலு முனையும் முடிந்திருந்தது. எண்ணெய்க் கறைகூட இல்லை. எந்தச் சோப்பு என்று பொறாமையாக இருந்தது. மேலே அந்தப் பிள்ளைக்கும் பல் வந்துவிட்டது; பெற்றவள், கொடுத்துவிட்டதை வெறுமனே திருப்பி அனுப்பாத வீட்டுக்காரி. உள்ளே ஒரே ஒரு கொழுக்கட்டை, சூடாக.

அந்தத் துணியையே தரையில் விரித்து மகிழினியை உட்கார வைத்தாள். ஓடைப் பக்கம் கீழத்தெரு மாரீஸ்வரி, மிளகாய் ஆய வந்தவள், தன் இரண்டு பெண்களோடு தள்ளி நின்றிருந்தாள்.

"எக்கா," என்றாள் தயங்கி, "அத வீணாவா தள்ளுதாக?"

"இங்க வா. பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்து உக்காரு. மகிக்குப் பல்லு வந்துருக்கு."

விளக்குமாறுகள் அப்படியே நின்றன. அன்னபுஷ்பம் என்னவோ சொன்னாள். சொர்ணத்துக்குக் காதில் விழவில்லை. லிங்கத்துரை வந்து பிள்ளையின் தலைக்கு மேல் துண்டைப் பிடித்தான். சொர்ணம் கொழுக்கட்டையைப் பிட்டுப் பிட்டுக் குட்டி உருண்டைகளாக்கித் துண்டுமேல் கொட்டினாள். உருண்டைகள் உருண்டு நாலா பக்கமும் விழ, மாரீஸ்வரியின் பெண்கள் சிரித்துக்கொண்டு பொறுக்கினார்கள், மகிழினி ஒற்றைப் பல்லைக் காட்டிக் கைகொட்டினாள், மேலே எங்கேயோ இடிபோல ஒரு கெக்கலிப்புக் கேட்டது.

சொர்ணம் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள்.

"எப்படி இருக்கு?" என்றான் லிங்கத்துரை.

"மாவு நல்லா வெந்துருக்கு. வெல்லம் பத்தல," என்றாள். "தலச்சன் பிள்ளைக்காரி போல. போகப் போகப் பழகிரும்."